மாஸ்டருக்குக் காய்ச்சல்

எங்கள் தெருவில் யாராவது ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். தையல்காரனுக்கு அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என் மனைவி வேலை செய்த தொழிற்சாலையில் மாஸ்டர் என்றால் ஓர் எஃகுத் துண்டு. உள்ளங்கையில் அடங்கும் உருளை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு, தூக்கினால்தான் கனம் தெரியும். அந்த மாஸ்டருக்கு அவள் கொடுத்த மரியாதையில் கால்வாசி இந்த மாஸ்டருக்குக் கொடுத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

கோபம் தணிந்த பிறகு இதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அது தணிகிற வழியாக இல்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒருவரை மட்டும் கைகாட்டவும் முடியவில்லை. அவள் மேல் கொஞ்சம், அவளுடைய முதலாளி மேல் நிறைய, அந்த எஃகுத் துண்டின் மேலும் இருக்கிறது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பற்றி அவள் அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே என்னை எச்சரித்திருந்தான். “கொஞ்சம் கோபக்காரி மாப்ளே, ஆனா நியாயமான கோபம்தான் வரும்” என்றான். நியாயமான கோபத்தோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அநியாயக் கோபமாவது சிறிது நேரத்தில் வெட்கப்பட்டு அடங்கிவிடும். இவளுடையது அடங்கவே அடங்காது. தொழிற்சாலையில் அவளுக்கு முன்னால் ‘அக்கா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘தீப்பெட்டி’. ஆள் சின்னவள், உரசினால் போதும். பெயர் வைத்தவன் யாரோ, கெட்டிக்காரன்.

அங்கே பம்புகளுக்கான ஷாஃப்ட் செய்வார்கள். எஃகுத் தண்டைக் கடைந்து, கடைசியாகச் சாணைக்கல்லில் உரசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் மேல்தான் பேரிங் ஏறும். தடிமன் கொஞ்சம் கூடினால் பேரிங் இறுகி, சூடாகி, வெடித்தே போகும். கொஞ்சம் குறைந்தால் ஆடும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, “இதைப் பதினஞ்சா கிழிங்க, அதுல ஒண்ணு” என்றாள். எனக்கு இருக்கிற முடியே கொஞ்சம். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்பதில்லை.

முடிந்த ஷாஃப்ட்டிலிருந்து எண்ணெய் கழுவும் வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். கழுவிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டதில் அளவு பார்க்கும் மேசைக்கு வந்தாள். அந்தக் காலத்தில் உரசுகிறவன் கல்லை நிறுத்தி, மைக்ரோமீட்டரால் பிடித்துப் பார்த்து, மறுபடி உரசி, மறுபடி நிறுத்துவான். ஒருவன் இறுக்கிப் பிடிப்பான், ஒருவன் பூப்போலப் பிடிப்பான். ஒரே ஷாஃப்ட் இரண்டு கையில் இரண்டு அளவு சொல்லும். “சுமாரா சரியாத்தான் இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தச் ‘சுமார்’ என்ற சொல் அவளுக்கு ஆகவே ஆகாது. வீட்டில்கூட அதைச் சொல்ல முடியாது. “தண்ணி சுமாரா சுட்டிருக்கு” என்றேன் ஒருநாள். “சுட்டிருக்கா இல்லையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க” என்றாள். அன்றைக்கு நான் குளிக்கவே இல்லை.

பிறகு அங்கே நண்டு வந்தது. கருவிக்கு என்னவோ நீளமான பெயர் உண்டு, எல்லோரும் வைத்த பெயர் நண்டு. கல் உரசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கொடுக்குகள் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு தூரத்தில் இருந்தால் கல் வேகமாகப் போகும். நெருங்க நெருங்க மெதுவாகும். சரியான அளவு வந்ததும் பச்சை விளக்கு எரிந்து கல் தானாகப் பின்வாங்கிவிடும். ஆள் ஷாஃப்ட்டை ஏற்றி இறக்கினால் போதும். ஆண்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், எங்கள் கையை விட இந்தப் பூச்சிக்குத் தெரியுமா என்று. இவள் மட்டும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். “அதுக்கு ஆள் மூஞ்சி தெரியாது. வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. யார் தப்பு பண்ணாலும் காட்டிக் குடுத்துடும்” என்றாள். நன்றாகத்தான் காட்டிக் கொடுத்தது.

நண்டுக்குச் சுயமாக எந்த அளவும் தெரியாது. தினமும் காலையில் மாஸ்டரை மெஷினில் ஏற்றி, கொடுக்குகளை அதன் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, ‘இதுதான் சரியான அளவு’ என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஜீரோ போடுவது என்பார்கள். அன்றைக்கு முழுக்க அது ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் அந்த மாஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த வேலையை இவளுக்குத்தான் கொடுத்தார்கள். சுமார் பிடிக்காதவளுக்கு இதைவிட வேறென்ன பதவி வேண்டும்.

முதலில் வந்த மாஸ்டரின் கதி பரிதாபம். ஆபீஸில் யாரோ அதை மின்விசிறிக் காற்றுக்குக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்தார்கள். இன்னொரு மகராசன் இறுகிப் போன டப்பா மூடியை அதால் தட்டித் திறந்தான். அதில் பள்ளம் விழுந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் இவளைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம், “என் கோட்டுக்கு உள்பக்கம் ஒரு பை தைச்சுக் குடுங்க. மெத்துன்னு இருக்கணும். மூடி வெச்சுப் பட்டன் போடுங்க. புது மாஸ்டரை இனிமே ஒருத்தன் கையிலயும் குடுக்கப் போறதில்ல” என்றாள்.

தைத்துக் கொடுத்தேன். இரண்டு மடிப்புக் கம்பளித் துணி, விலாவை ஒட்டி. அவ்வளவு நேர்த்தியான பையை எந்த வாடிக்கையாளனுக்கும் நான் தைத்ததில்லை. காலையில் போனதும் பெட்டியைத் திறந்து மாஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பிறகு இரண்டு கிரைண்டிங் மெஷினையும் சும்மா ஓடவிடுவாள். குளிர்ந்த மெஷினில் அளவு பார்க்கக் கூடாதாம். அது பதத்துக்கு வரும்வரை குழாயைப் பார்ப்பது, எண்ணெய் பார்ப்பது, வந்தவனைத் திட்டுவது. எல்லாம் முடிந்து பையைத் திறந்து மாஸ்டரை எடுத்து முதல் மெஷினுக்கு ஜீரோ, அடுத்ததுக்கு ஜீரோ, மறுபடி பைக்குள், சாயங்காலம் கிளம்பும்போது பெட்டிக்குள். அவ்வளவு பொறுப்பு.

முதல் மெஷினில் நின்றவனை நெட்டை என்பார்கள். மெஷின் கதவுக்குள் தலையை நுழைக்க வில்லாக வளைய வேண்டிய உயரம். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். அவன் மெஷினில் வந்த ஷாஃப்ட்டுகள் தடித்துப் போக ஆரம்பித்தன. அளவு அறையில் ஆறவைத்துப் பார்த்தால் ஐந்து மைக்ரான், ஆறு மைக்ரான் கூடுதல், அதாவது அந்த முடியில் பதினைந்தில் ஒரு பங்கு. பக்கத்து மெஷினில் அந்தத் தகராறே இல்லை. அதே மாதிரி நண்டு, அதே மாஸ்டர், அதே மாதிரி கல். அப்புறம் எதில் வித்தியாசம்? ஆளில்தான். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள், நானும் வீட்டில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

“நண்டு மேல கை வைக்கிறியா?” என்று கேட்டாள்.

“நான் எதையும் தொடலக்கா.”

“அப்போ அது தானா பொய் சொல்லுதா?”

நெட்டைக்குப் பதில் பேச வராது. தடித்த ஷாஃப்ட்டை மறுபடி ஏற்றி உரசித் தள்ளினால் தீர்ந்தது என்று மற்றவர்கள் பூசி மெழுகினார்கள். இவள் விடுவாளா? நெட்டையையும் பக்கத்து மெஷின்காரனையும் இடம் மாற்றிப் போடச் சொன்னாள். நெட்டை இரண்டாவது மெஷினுக்குப் போனான். தொல்லையும் அவனோடு இரண்டாவது மெஷினுக்குப் போனது. முதல் மெஷின் சுத்தமாகிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று வீட்டுக்கு வந்து, “பாத்தீங்களா, ஆள்தான். நான் சொன்னேன்ல” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அந்த மாதிரி அவள் முகம் பூரித்து நான் பார்த்ததில்லை. இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் அவன் உரசிய ஒரு பெட்டி ஷாஃப்ட் அளவு பார்க்காமலே வெளியே போய், பேரிங் வெடித்து, திரும்பி வந்தது. முதலாளி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் கேட் அருகே நிற்க வைத்து நெட்டையை முன்னால் கூப்பிட்டார். ஆனால் பேசியது இவள்தான். நண்டுக்குக் கண் இல்லை என்று நினைத்தாயா, கூடவே நிற்கிறவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே, உனக்குச் சோறு இறங்குகிறதா என்று வாய்க்கு வந்தபடி. நெட்டை குனிந்துகொண்டு நின்றான். தலைக்கு மேல் கூரையே இல்லாத இடத்திலும் அவன் குனிந்துதான் நின்றான் என்று பிறகு ஒருவன் என்னிடம் சொன்னான். அன்றோடு அவனை அனுப்பிவிட்டார்கள்.

சில வாரம் போனது. ஷாஃப்ட் தடிப்பது நிற்கவில்லை, புதிதாக வந்தவனுக்குக் கை பழகவில்லை என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் யாரோடோ சண்டை போட்ட வேகத்தில் கோட்டைக் கழற்றாமல், மாஸ்டரைப் பெட்டியில் வைக்காமல், அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கோட்டை நாற்காலியில் எறிந்துவிட்டு முகம் கழுவப் போனாள். பட்டன் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தைக்கலாம் என்று எடுத்தேன். கனத்தது. கையை விட்டு எடுத்தால் அந்தப் பெருமகன். இதமான சூடு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல.

“இங்க பாரு, உன் மாஸ்டருக்குக் காய்ச்சல்” என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாள். கையிலிருந்து வாங்கினாள். மற்ற கைக்கு மாற்றினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னடி?”

நான் மறுபடி நாற்காலியில் போட்டிருந்த கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். எத்தனையோ வருடமாக அங்கே ஒவ்வொருவனையும், ‘சூடா இருக்கும்போது அளக்காதடா, இரும்பு சூட்டுல பெருக்கும், ஆறட்டும்’ என்று திட்டித் திட்டியே தொண்டை கட்டியவள் அவள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாஸ்டரும் இரும்புதான் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அங்கே யாருக்குமே தோன்றவில்லை. அதைச் சரியான அளவு என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“பைக்குள்ள இருந்து எடுத்த சூட்டோட முதல் மெஷின்ல வெக்கிறேன்” என்றாள் மெதுவாக. “ஜீரோ போட்டதும் அங்க கூலன்ட் தண்ணி அது மேல கொட்டுது. ஆறிடுது. ஆறினதைக் கொண்டுபோய் அடுத்த மெஷின்ல வெக்கிறேன்.”

“சரி. அவனை மாத்திப் போட்டப்போ அவனோடவே போச்சே?”

“அவன் என்ன தில்லுமுல்லு பண்றான்னு பாக்கணும்னு, அன்னைலருந்து முதல்ல அவன் மெஷினுக்குத்தான் போனேன்.”

அவன் மேல் இவளுக்கு இருந்த சந்தேகத்தைச் சுமந்துகொண்டு, அந்தச் சூடு அவன் போகிற இடமெல்லாம் போயிருக்கிறது. நண்டு பொய் சொல்லவில்லை. பெருத்த மாஸ்டரைக் காட்டி, இதுதான் அளவு என்று சொன்னோம். அது அப்படியே செய்தது.

மறுநாள் காலையில் அவள் அதை மெஷினிலேயே வைத்துப் பார்த்தாள். பைச் சூட்டோடு மாஸ்டரை ஏற்றி ஜீரோ போட்டுவிட்டு, எடுக்காமல் கூலன்ட்டை மட்டும் திறந்துவிட்டாள். பால் நிறத் தண்ணீர் கொட்டக் கொட்ட நண்டின் எண் ஜீரோவுக்குக் கீழே இறங்கி, மைனஸ் ஐந்தரை மைக்ரானில் போய் நின்றதாம். நேராக முதலாளி அறைக்குப் போனாள். தப்பு தன்னுடையது, நெட்டையைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், எல்லோரையும் நிற்க வைத்து அதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்தாராம். “ஏம்மா, அது முடிஞ்சு போன விஷயம். ஆளை மாத்திட்டோம்னு சரக்கு வாங்கறவங்க கிட்ட சொல்லியாச்சு, அவங்களும் சமாதானம் ஆயிட்டாங்க. இப்போ போய் ஆள் மேல தப்பில்ல, எங்க முறையிலதான் தப்புன்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நீ இனிமே பையில வெக்காதே. உன் பேரும் கெடாது, என் பேரும் கெடாது” என்றாராம்.

“அவன் பேரு?”

“அவனுக்கு எங்கயாவது வேலை கிடைச்சிருக்கும்.”

எவ்வளவு சுலபமாக ஒருவனைக் கை கழுவுகிறார்கள், பாருங்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பிழைப்பைக் கண்ணாடித் தூசி மாதிரி துடைத்துவிட்டார். அங்கேயே அவருக்கு இரண்டு கொடுத்துவிட்டு வந்திருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இவள் கோட்டைக் கழற்றி அவர் மேசை மேல் வைத்துவிட்டு நடுப்பகலில் என் கடைக்கு வந்தாள். “மெஷினை நிறுத்துங்க. நெட்டை வீட்டுக்குப் போகணும்” என்றாள். தைத்துக்கொண்டிருந்த காலரைப் பாதியில் விட்டேன்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. நெட்டையின் மனைவி கதவைத் திறந்து, “வாங்கக்கா, வாங்கண்ணே” என்றாள். அந்தப் பெண்ணுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. நெட்டை எழுந்து நின்றான். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணில் கோளாறு இருக்கும் என்று அவனே போய் வாங்கிக்கொண்டானாம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தை தரையில் கிடந்து அழுதது. அவன் குனிந்து பார்த்தான், தூக்கவில்லை.

“தூக்க மாட்டேங்கிறாருக்கா” என்றாள் அவன் மனைவி. “கை தவறிடுமாம். கதவைப் பூட்டினா நாலு தடவை போய் இழுத்துப் பாக்கிறாரு. ரெண்டு கம்பெனிக்குப் போனாரு. நண்டை ஏமாத்தினவன் நீதானேன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.”

இவள் சொன்னாள். மாஸ்டர், பை, சூடு, முதலில் அவனிடம் போனது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்திலிருந்த எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற குரலில். “என்னை மன்னிச்சுடுப்பா” என்று முடித்தாள்.

நெட்டை கண்ணாடியைக் கழற்றினான். பேசியபோது, அப்படி ஒரு குரல் அவனுக்கு இருக்கிறது என்று அவன் மனைவிக்கே தெரியாதிருந்திருக்கும், திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“நான்தான் எதையோ தப்பாப் பண்றேன்னு நினைச்சுட்டேன்க்கா. தொட்டதெல்லாம் என்னால கெடுதுன்னு நினைச்சேன். தினமும். நீங்க திட்டினப்போ ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் நின்னாங்க. கேட்டுக்கு வெளிய ரோட்டுல போனவன்கூட நின்னு கேட்டான். இப்போ என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து என் காதுல மட்டும் ஏன் சொல்றீங்க?”

எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது, வீடு தேடி வந்தவளிடம் இப்படியா என்று. அடுத்த நிமிடமே அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. அவன் கேட்டதில் ஒரு மைக்ரான்கூடக் கூடுதல் இல்லை.

என் மனைவி எழுந்தாள். படியிறங்கினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வெயிலில் வேகுவேகென்று நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது நெட்டை சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

ஷிஃப்ட் மாறும் நேரம். கேட் திறந்து ஒரு கூட்டம் வெளியே வர, ஒரு கூட்டம் உள்ளே போக நின்றது. எதிர்ப்பக்கத் தொழிற்சாலைகளின் ஆட்களும் அதே சாலையில்தான் வீட்டுக்குப் போவார்கள். அவள் கேட்டுக்கு நடுவில் போய் நின்றாள்.

“எல்லாரும் நில்லுங்க. நெட்டை மேல தப்பு இல்ல. மாஸ்டரை என் உடம்புச் சூட்டுல வெச்சுக்கிட்டு வந்து, சூட்டோட ஜீரோ போட்டது நான். ஷாஃப்ட் தடிச்சது என்னால. அவன் நண்டைத் தொடவே இல்ல.”

கூட்டம் நின்றது. ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவனை அடக்கினான். முதலாளி வேகமாக வெளியே வந்தார். “என்னம்மா இது, ரோட்டுல நின்னுக்கிட்டு. உள்ள வா, உக்காந்து பேசிக்கலாம்” என்று அவள் தோள் பக்கம் கையை நீட்டினார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்கு மேல் ஒரு தலை உயரமாகத் தெரிந்த நெட்டையைத்தான் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலக்கா” என்றான். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.